எந்த மொழியிலும் வெளியாகவில்லை

நான் தமிழில் எழுதிய ஒரே ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் பூஜ்யம். தென்காசிப் பக்கத்துக் குளங்களில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பற்றி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரொம்ப ஆசையாக எழுதியது. ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் அச்சானது. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது அதையும் படிவத்தில் சேர்த்திருந்தேன். சரிபார்க்க வந்த குழுவில் ஒருவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா, ஆனா இது லிஸ்ட்ல உள்ள ஜர்னல் இல்லையே" என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். தாவரவியலுக்கென்று லிஸ்டில் உள்ள தமிழ் ஜர்னல் எது சார் என்று கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் டீ வருகிறதா என்று வாசலைப் பார்த்தார்.

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் இங்கிலீஷ். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். தோட்டத்தில் நின்று குறிப்பெடுப்பது தமிழில், மாணவிகளுக்கு விளக்குவது பாதித் தமிழில், யோசிப்பது முழுக்கத் தமிழில். கட்டுரை என்று உட்கார்ந்தால் மட்டும் ஆள் மாறியாக வேண்டும். ஒரு வாக்கியத்தை எழுதி, சரிதானா என்று நாலு தடவை வாசித்து, சந்தேகம் தீராமல் அழித்து, கடைசியில் ஏற்கெனவே யாரோ எழுதிய மாதிரியே ஒன்றை எழுதி வைப்பேன். எங்கள் கல்லூரி தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. சீசனில் பஸ் முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாக ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நான் மடியில் தாள்களை வைத்துக்கொண்டு, எந்த வாக்கியத்தில் a, the விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டு போவேன். அருவிக்கு இத்தனை பக்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் அருவியில் குளித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எலுமிச்சை ஆராய்ச்சியை ஆரம்பித்தது இந்த அலுப்புக்கு நடுவில்தான். வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைய. அங்கே ஒரு நோய் பரவிக்கொண்டிருந்தது. மரத்தின் தூரில், மண்ணை ஒட்டிய அடிப்பாகத்தில், பட்டை வெடித்துப் பிசின் வடியும். அப்புறம் இலை மஞ்சளாகும், கிளை கிளையாகக் காயும், ஒன்றிரண்டு வருஷத்தில் மரமே போய்விடும். அங்கே ஒரு தோட்டக்காரர் என்னை உள்ளே விட்டார். எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். காலேஜில் வேலை என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவருக்கு நான் டீச்சர்தான்.

அவரைப் போல ஒத்துழைத்த ஆளை நான் பார்த்ததில்லை. மரங்களுக்கு நம்பர் போடவேண்டும் என்றதும், அடுத்த வாரம் நான் போவதற்குள் அவரே வெள்ளைப் பெயின்டில் எழுதி முடித்திருந்தார். மண் எடுக்கக் குழி தோண்டிக் கொடுப்பார். "காலேஜ்ல சோறு போட மாட்டாங்களா டீச்சர், இப்படி மெலிஞ்சு போய் வாரீங்க" என்று கிண்டல் பண்ணுவார். திரும்பும்போது பை நிறைய காய் கொடுத்து அனுப்புவார். அந்தத் தோட்டம்தான் அவருக்கு எல்லாம். அவர் அப்பா வைத்த மரங்கள் பாதி, இவர் வைத்தது பாதி. மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்ததும் அதை நம்பித்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரையில் குளம் வற்றியதும் அடியில் கிடக்கும் கரம்பை மண்ணை டிராக்டரில் அடித்துக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிப் போடுவார்கள். சும்மா தூவுவது இல்லை. தூரை மூடி முழங்கால் உயரத்துக்கு நன்றாக அணைத்துவிடுவார்கள். கரம்பை சத்தான மண், அதில் பொய் இல்லை. ஆனால் அது ஈரத்தை விடாது. ஐப்பசி மழை நின்று வாரக்கணக்கானாலும் தூரில் பட்டை ஊறிக்கொண்டே இருக்கும். பூஞ்சாணம் உள்ளே போவது அந்த வழியாகத்தான். தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் நல்ல பச்சையாக நின்றது. அந்த வரிசை வரும்போது எப்போதும் கரம்பை தீர்ந்துவிடும் என்று அண்ணாச்சி குறைப்பட்டுக்கொள்வார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

இரண்டு மழைக்காலம் மண்ணும் பட்டையும் எடுத்துச் சோதித்து, தை மாதம் பொங்கல் லீவு முடிந்து வந்தபோது எனக்குச் சந்தேகம் இல்லாமல் தெரிந்துவிட்டது. தீர்வு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அணைத்த மண்ணைத் தூரிலிருந்து இரண்டு முழம் தள்ளி இழுத்துவிட வேண்டும். ஒரு மண்வெட்டி போதும், ஒரு மரத்துக்குக் கால் மணி நேர வேலை. நோய் முற்றாத மரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

சந்தோஷமாக ஓடிப்போய்த் துறைத் தலைவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது, "இத யார்ட்டயும் சொல்லலேல்லா?"

"இல்ல சார். தோட்டக்காரர்ட்ட மட்டும் சொல்லணும்."

"சொல்லாதீங்கம்மா. பேப்பர் வரட்டும். நம்ம காலேஜ்ல ஏற்கெனவே ஒருத்தர் தன்னோட ரிசல்ட்டைத் தமிழ்ப் பத்திரிகையில எழுதிட்டு, அப்புறம் அதையே இங்கிலீஷ்ல அனுப்பினார். முன்னாடியே வெளியானதுன்னு சொல்லி ஜர்னல்காரன் திருப்பி அனுப்பிட்டான். நாலு வருஷ உழைப்பு போச்சு. இப்ப நீங்க தோட்டக்காரர்ட்ட சொல்லுவீங்க. அவர் நாலு பேர்ட்ட சொல்லுவார். அதுல ஒருத்தன் பத்திரிகையில விவசாயப் பக்கத்துல போட்டுருவான். ஒங்க புரமோஷன் அவ்வளவுதான்."

நான் அனுப்ப நினைத்திருந்த ஜர்னலின் படிவத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியில் ஒரு உறுதிமொழி இருந்தது. இந்த ஆய்வின் முடிவுகள் வேறு எங்கும், எந்த மொழியிலும் வெளியாகவில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். எந்த மொழியிலும் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு தோட்டத்தில் நின்று ஒரு ஆளிடம் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்வதும் அதில் அடங்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எடிட்டருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், இவள் ஏற்கெனவே யாரிடமோ சொல்லியிருக்கிறாள் என்று சந்தேகம் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை. ஆகாயத்தாமரைக் கட்டுரையின் மேல் விழுந்த பென்சில் கோடு வேறு நெஞ்சுக்குள் கிடந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்தச் சித்திரையில் அண்ணாச்சி போன் பண்ணினார். "டீச்சர், ஒங்க ஆராய்ச்சி எங்கன வந்து நிக்கு? என்னத்தையாவது கண்டீங்களா?"

"எழுதி அனுப்பியிருக்கேன் அண்ணாச்சி. பேப்பர் வந்ததும் மொதல் ஆளா ஒங்களுக்குத்தான் சொல்லுவேன்."

"சரி சரி. அவசரமில்ல, நல்லபடியா வரட்டும்" என்றார். அவருக்கு அவசரம் என்று எனக்குத் தெரியும்.

ஆவணியில் முதல் பதில் வந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள். மூன்று பேரும் எலுமிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என் இங்கிலீஷைப் பற்றிப் பேசியிருந்தார்கள். மொழி தரமாக இல்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தவும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தென்காசியில் நான் எங்கே போய் அப்படி ஒரு ஆளைத் தேடுவேன்? எனக்குத் தெரிந்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். அவருடைய தாய்மொழியும் தமிழ்தான். கரம்பை என்று நான் எழுதியிருந்த இடங்களை எல்லாம் அவர் நீளமான மூன்று வார்த்தையாக மாற்றினார். அப்போது இங்கே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்த ஜனம் எல்லாம் நனைந்துகொண்டிருக்க, நான் வீட்டில் தாள் பறக்குமென்று மின்விசிறியைக்கூடப் போடாமல் கமா திருத்திக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் இரண்டாவது பதில். மொழி பரவாயில்லை. ஆனால் இன்னும் ஒரு மழைக்காலத்தின் டேட்டா வேண்டும், வழக்கப்படி மண் அணைத்த மரங்களையே தொடர்ந்து கவனித்து எழுதவும். அதாவது இன்னும் ஒரு வருஷம். அழுகை வருகிற அளவுக்குச் சலிப்பாக இருந்தது. விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு எப்படி விடுவது?

சித்திரை வந்தது. இந்தத் தடவை நானே தோட்டத்துக்குப் போயிருந்தேன். வடக்குப் பக்கம் பல மரங்கள் தலை காய்ந்து நின்றன. அண்ணாச்சி ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டார். "டீச்சர், கொளத்துல கரம்பை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்த வருஷம் அடிக்கவா வேண்டாமான்னு யோசனையா இருக்கு. மரம் போற போக்கப் பாத்தா எதுவுமே சரியாப் படல. நீங்க என்ன சொல்லுதீங்க?"

அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். வெயில், காய்ந்த புல், என் கையில் நோட்டு. கேள்வி நேராக என்னிடம் வந்தது. நான் பதில் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை.

"எப்பவும் போல அடிங்க அண்ணாச்சி. எதையும் மாத்தாம இருந்தா எனக்கு ஒதவியா இருக்கும்."

"அப்பம் சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுவாரம் டிராக்டர் வந்தது. வழக்கம் போலவே தூரை மூடி அணைத்தார்கள். ஐப்பசியில் மழையும் குறை வைக்கவில்லை. நான் சனிக்கிழமை தோறும் போய் மண் எடுத்தேன், பிசின் வடிகிற மரங்களைக் குறித்தேன், காய்ந்த கிளைகளை எண்ணினேன். எண்ணிக்கை கூடக்கூட என் கட்டுரை பலமாகிக்கொண்டு வந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு மரம் புதிதாகப் பிசின் விட்டிருப்பதைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு திருப்தி எட்டிப்பார்த்தது என்பதும் உண்மை. அண்ணாச்சி பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வருவார். முன் மாதிரிக் கிண்டல் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பையில் காயும் இல்லை, கொடுக்க இருந்தால்தானே.

மார்கழியில் திருத்தி அனுப்பினேன். பங்குனியில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். துறைத் தலைவர் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் தைரியம் வந்து எடிட்டருக்கு ஒரு மெயில் போட்டேன், கட்டுரை வெளியான பிறகு முடிவுகளை உள்ளூர் விவசாயிகளுக்குத் தமிழில் சொல்லலாமா, அனுமதி உண்டா என்று. மறுநாளே பதில் வந்தது. மரியாதையான, சின்னப் பதில். விவசாயிகளிடம் பேசுவதையோ துண்டுப் பிரசுரம் கொடுப்பதையோ நாங்கள் வெளியீடாகக் கருதுவதில்லை, அதற்கு எந்தக் கட்டத்திலும் எங்கள் அனுமதி தேவை இருந்திருக்காது. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

எந்தக் கட்டத்திலும் என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் நான் பூட்டி வைத்திருந்த வாயை யாரும் பூட்டச் சொல்லவே இல்லை.

அன்று மத்தியானம் வகுப்பில்லாத நேரத்தில் தமிழில் எழுத உட்கார்ந்தேன். கரம்பையைத் தூரில் அணைக்காதீர்கள், இரண்டு முழம் தள்ளிப் போடுங்கள், ஏற்கெனவே அணைத்திருந்தால் மழைக்கு முன்னால் இழுத்துவிடுங்கள், பிசின் வடிகிற இடத்தைச் சுரண்டிக் காயவிடுங்கள். ஏன் எதற்கு என்பதையும் சேர்த்து ஒரே பக்கம். அடுத்த வகுப்பு மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தைகூட அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தோட்டத்து வேலி தெரியும் இடத்தில் இறங்கி நடந்தேன். வேலி இருந்தது. உள்ளே மரங்கள் இல்லை. மாசியிலேயே ஜேசிபி வைத்துப் பிடுங்கியிருந்தார். தூர்க்கட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. சிலவற்றில் வெள்ளைப் பெயின்ட் நம்பர் இன்னும் தெரிந்தது. தெற்கு ஓரத்து வரிசைகூட மிச்சமில்லை. மோட்டார் ரூமிலிருந்து அண்ணாச்சி வெளியே வந்தார்.

"வாங்க டீச்சர். சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க."

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே அண்ணாச்சி. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?"

"ஒங்களுக்கும் பாவம் வேல கெடக்கும். கால்வாசி மரம்தான் உயிரோட நின்னுச்சு. அதையும் விட்டா அடுத்து வைக்கதுக்கும் நோய் ஒட்டிக்கிடும்னு சொன்னாங்க. தோட்டத்த ஒத்திக்கு விட்டுட்டேன். அவங்க மக்காச்சோளம் போடப் போறாங்களாம்."

நான் தமிழ்ப் பக்கத்தை நீட்டினேன். நின்றபடியே முழுக்க வாசித்தார். இடையில் ஒரு தடவை குவிந்து கிடந்த கட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"மண்ண இழுத்து விட்டிருந்தாப் போதுமா?"

"நெறைய மரத்துக்குப் போதும் அண்ணாச்சி."

"இது ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சொல்ல முடியவில்லை. போன வருஷத்துக்கு முந்தின தையிலேயே தெரியும் என்றேன். எந்த மொழியிலும் சொல்லக்கூடாது என்று நான் தப்பாகப் புரிந்துகொண்டதை, துறைத் தலைவர் சொன்னதை, எடிட்டர் எழுதியதை எல்லாம் கோர்வையில்லாமல் சொன்னேன். நான் முடித்த பிறகு, "பேப்பர் வந்துட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏத்துக்கிட்டாங்க, இனிமத்தான் வரும். இங்கிலீஷ்ல."

"காட்டுங்க பாப்போம்."

போனில் எடுத்துக் கொடுத்தேன். சும்மா படத்தைப் பார்த்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் முழிப்பதைப் பார்த்து, "தூத்துக்குடியில ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல எட்டு வருஷம் டைப்பிஸ்ட்டா இருந்தேன் டீச்சர். வெளிநாட்டுக்குப் போற லெட்டர் பூரா நான்தான் அடிப்பேன். பேசத்தான் வராது, வாசிச்சிருவேன்" என்றார். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் மரங்களின் வயதைக் கேட்டிருக்கிறேன், என்ன உரம் என்று கேட்டிருக்கிறேன், கிணற்றின் ஆழம் கேட்டிருக்கிறேன். அவர் என்ன படித்தார், எங்கே இருந்தார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வரப்பில் உட்கார்ந்து பொறுமையாக வாசித்தார். விரலால் தள்ளித் தள்ளி, சில இடங்களில் பின்னுக்கு வந்து. ஆய்வு முறையைச் சொல்கிற பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. என்ன வாக்கியம் என்று எனக்கு எட்டிப் பார்க்காமலே தெரியும். அதை மட்டும் இங்கிலீஷில் மெதுவாக வாய்விட்டு வாசித்தார். பிறகு எனக்குப் புரியாது என்பது போல, அதைத் தமிழிலும் சொன்னார்.

"மூணாவது வருசம் ஆராய்ச்சி பண்ணுதவங்க கேட்டுக்கிட்டதுனால, தோட்டக்காரர் தன் வழக்கத்த மாத்தல."

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"இந்தத் தோட்டக்காரர் நான்தானே டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி."

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "தெளிவாத்தான் எழுதியிருக்கீங்க" என்று போனை என்னிடம் கொடுத்தார். தமிழ்ப் பக்கத்தைத் திருப்பித் தரவில்லை. அதை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மரங்கள் இன்னும் நிற்கிற பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். என்னை வரச் சொல்லவில்லை.